நான் வரைந்த வீடுகளால் யாருக்காவது பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேர மேப்பத்தான் ஒன்றில் (பலர் கூடி, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய மேப்பில் வீடுகளையும் சாலைகளையும் வரையும் நிகழ்ச்சி) முதன்முறையாகக் கலந்துகொண்டு, தான் பார்த்தே இராத ஒரு நாட்டின் கிராமப் பகுதியில் 140 வீடுகள் வரைந்திருக்கிறார். மனநிறைவோடு எழுந்து வந்திருக்கிறார். மூன்று நாள் கழித்து, அவர் வரைந்த கட்டத்தில் (ஒருவருக்கு வரையக் கொடுக்கும் சிறு நிலத்துண்டு) இன்னும் வேலை இருக்கிறது என்று அது திருப்பி அனுப்பப்பட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது, கூடவே சரிபார்த்தவரின் நான்கு வரிக் குறிப்பும். “புவியியலோ சர்வேயோ படிக்காத நான் இதில் தொடரலாமா? இதனால் நிஜமாகவே யாருக்காவது பயன் உண்டா, அல்லது நம் மனத்திருப்திக்காகச் செய்வதுதானா?” என்பது அவர் கேள்வி. வெளிப்படையாகக் கேட்டது இவை இரண்டும். கேட்காமல் விட்டது ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: தப்பாக வரைந்து யாருக்காவது கெடுதல் செய்துவிட்டேனோ என்ற உறுத்தல். அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் படித்தது நில அளவை. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்த வாரம்தான் முதன்முதலாக இந்த மேப்பில் கைவைத்தேன். கடந்த ஏழெட்டு ஆண்டுகளாக நான் புதிதாக வரைவது குறைவு. மற்றவர்கள் வரைந்த கட்டங்களைச் சரிபார்ப்பதுதான் பெரும்பாலான நேரம். அதாவது உங்களுக்கு அந்த நான்கு வரியை எழுதியவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரோ, அதே மாதிரி நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பேரிடர் நடந்த இடத்தில் நின்று இந்த மேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்த அனுபவம் எனக்கு இல்லை. களத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அங்கே வேலை செய்தவர்கள் பதிவு செய்ததும், சிலர் நேரில் சொல்லக் கேட்டதும்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பயன் உண்டா என்பதற்கு, சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்குகிறேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் பிரிட்டனில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் அடிப்படை. அது பேரிடருக்கும் உதவும் என்று உலகம் கண்டது 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு அந்த மேப்பில் சில பெரிய சாலைகள்தான் இருந்தன. செயற்கைக்கோள் நிறுவனங்கள் தங்கள் படங்களைத் திறந்துவிட்டன. முதல் மாதத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்தத் தரவைத் தங்கள் ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக்கொண்டு வேலை செய்தன. ஹாட் என்று சுருக்கமாக நாம் சொல்கிற ஹியூமானிடேரியன் ஓபன்ஸ்ட்ரீட்மேப் டீம் அதே ஆண்டு முறையான அமைப்பாகப் பதிவானது.

எனக்கு ஹைட்டியைவிட அதிகம் புரியவைத்தது 2014-ன் எபோலா. கினி நாட்டின் கெக்கேடு பகுதியில் நோய் பரவத் தொடங்கியபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் கையில் அந்த ஊர்களுக்கு ஒழுங்கான மேப் இல்லை. எபோலாவைத் தடுப்பதில் மருத்துவமனைக்கு உள்ளே நடப்பது ஒரு பகுதிதான். நோயாளி எந்த ஊர், அந்த ஊர் எங்கே இருக்கிறது, அங்கிருந்து அடுத்த ஊருக்கு எந்த வழியாகப் போகிறார்கள், அந்த வழியில் வேறு எத்தனை வீடுகள் என்று தேடிப் போவது இன்னொரு பகுதி. நோயாளி சொன்ன ஊர்ப்பெயர் மேப்பிலேயே இல்லாவிட்டால் தேடல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்த ஆண்டு மார்ச்சில் கேட்டவுடன் தன்னார்வலர்கள் சில நாட்களில் அந்தப் பகுதியை வரைந்து கொடுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த கேள்வி மிக எளியது: நோயோ வெள்ளமோ வந்த பிறகு எதற்கு ஓட வேண்டும், முன்கூட்டியே வரைந்து வைத்தால் என்ன? 2014 நவம்பரில் அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும், எல்லைகளற்ற மருத்துவர்களும், ஹாட்டும் சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது அதற்காகத்தான். நீங்கள் கலந்துகொண்டது போன்ற மேப்பத்தான்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

சாலைகளின் பயன் யாருக்கும் சட்டென்று புரிந்துவிடும். வீட்டை ஏன் ஒவ்வொன்றாக வரையச் சொல்கிறார்கள் என்பதுதான் புதியவர்களுக்குக் குழப்பம். சில இடங்களில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஊரில் எத்தனை பேர் என்று யாரிடமும் எண்ணிக்கை இருக்காது. கூரைகளை எண்ணி, ஒரு வீட்டுக்குச் சராசரியாக இத்தனை பேர் என்று பெருக்கினால், எத்தனை குப்பி தடுப்பூசி எடுத்துப் போவது, எத்தனை பேர் கொண்ட குழுவை அனுப்புவது என்பதற்கு ஒரு தோராயமான கணக்கு கிடைக்கும். 2016-17 வாக்கில் போட்ஸ்வானா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் மலேரியா ஒழிப்புக்காகக் கட்டடங்களை வரைந்தோம். வீட்டுச் சுவர்களில் மருந்தடிக்கப் போகிறவர்களுக்கு எந்த ஊரில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பதே முதல் தேவை. அங்கே ஒரு வீடு விட்டுப்போனால், அந்த வீட்டுக்கு மருந்து போகாமல் போக வாய்ப்பு உண்டு. இந்த அளவில் உங்கள் 140 வீடுகளுக்கு நேரடிப் பயன் இருக்கிறது. அவை சரியாக வரையப்பட்டிருந்தால்.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. “நீங்கள் வரைந்த ஒவ்வொரு வீடும் ஓர் உயிரைக் காக்கிறது” என்ற மாதிரி வாசகங்களை மேப்பத்தான்களில் கேட்டிருப்பீர்கள். அதைச் சொல்பவர்களின் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அப்படிச் சொல்வதில்லை. குறிப்பிட்ட ஒரு வீடு, குறிப்பிட்ட ஒரு மனிதரைக் காப்பாற்றியது என்று கோடு இழுத்துக் காட்ட யாராலும் முடியாது. மேப் என்பது ஓட்டுநர், செவிலியர், கிடங்குப் பொறுப்பாளர், உள்ளூர் வழிகாட்டி என்று பலர் கைமாறிப் பயன்படுகிற பொருள். அதில் நம் பங்கைப் பிரித்தெடுத்து எடைபோட வழியில்லை. இன்னொன்றும் உண்மை. வரைந்த எல்லாப் பகுதியும் ஒரே அளவுக்குப் பயன்படுவதில்லை. சில திட்டங்கள் அதைக் கேட்ட அமைப்பின் கையில் மறுவாரமே அச்சாகி வண்டியில் ஏறுகின்றன. சில, வரைந்து முடித்த பிறகு தேவை மாறிப்போய், அடுத்த தேவைக்காகக் காத்துக் கிடக்கின்றன.

தொலைவிலிருந்து பார்த்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதற்கு 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயல் நல்ல பாடம். தாக்லோபான் பகுதியில் சாலைகளையும் கட்டடங்களையும் தன்னார்வலர்கள் வரைந்தது பெரிதும் உதவியது. அதோடு நிற்காமல், எந்தக் கட்டடம் சேதமானது, எது முழுதாக இடிந்தது என்றும் படத்தைப் பார்த்துக் குறித்தார்கள். பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் ரீச் என்ற ஆய்வு அமைப்பும் களத்தில் போய் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தச் சேத மதிப்பீடு பல இடங்களில் நிஜத்தோடு ஒத்துப்போகவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மேலிருந்து தெரிவது கூரை மட்டும். கூரை பறந்துபோய்ச் சுவர் உறுதியாக நிற்கிற வீடு மோசமாகத் தெரியும். கூரை அப்படியே இருக்க, கீழே சுவரெல்லாம் விரிசல் விட்ட வீடு நன்றாக இருப்பதாகத் தெரியும். ‘இங்கே ஒரு கட்டடம் இருக்கிறது’ என்று சொல்வதில் நாம் தேர்ந்தவர்கள். ‘அது எந்த நிலையில் இருக்கிறது’ என்று சொல்லும் தகுதி நம் நாற்காலிக்குக் கிடையாது. இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டவர்கள் நல்ல மேப்பர் ஆகிவிடுகிறார்கள், என்ன படித்திருந்தாலும் சரி.

சரி, உங்கள் கட்டத்துக்கு வருகிறேன். டாஸ்கிங் மேனேஜர் என்பது பெரிய நிலப்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கொடுக்கிற தளம். ஒருவர் கட்டத்தை எடுத்ததும் அது மற்றவர்களுக்குப் பூட்டப்படும், ஒரே வீட்டை இரண்டு பேர் வரையாமல் இருக்க. முடித்ததும் இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். திருப்பி அனுப்புவது என்பது உங்களைத் தோல்வியடையச் செய்வது இல்லை. ‘இந்தக் கட்டம் இன்னும் முழுமையாகவில்லை’ என்று கட்டத்தின் மேல் ஒட்டுகிற சீட்டு அது. நீங்கள் வரைந்ததில் பெரும்பகுதி அப்படியே மேப்பில் இருக்கும். ஏதேனும் மூலையில் பத்து வீடு விட்டுப்போயிருந்தாலும் அதே சீட்டைத்தான் ஒட்டுவோம். இதை மேப்பத்தானில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை. அதனால் நல்ல ஆட்கள் பலர் முதல் மின்னஞ்சலோடு காணாமல் போய்விடுகிறார்கள். இதுதான் எனக்கு இந்தத் துறையில் உள்ள மிகப் பெரிய மனக்குறை.

என் முதல் மாதம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஒரு மலைக்கிராமத்தில் வேகவேகமாக வரைந்துகொண்டே போனேன். சரிபார்த்தவர் மூன்றே வரி எழுதினார். நான் வரைந்த ‘வட்டக் குடிசை’களில் பாதிக்கு நிழலே இல்லை, அவை தரையோடு தரையாக இருக்கும் கதிரடிக்கும் களங்கள், மீதியில் சில வைக்கோல் போர்கள் என்றார். நில அளவை படித்த எனக்கு நிழலைப் பார்க்கத் தோன்றவில்லை! படிப்பு இதில் தரும் சலுகை அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தக் கட்டத்தைத் திறந்தாலும் முதலில் பார்ப்பது நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைத்தான். இந்தச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் அந்தந்த இடத்தின் முற்பகல் நேரத்தில் கடந்துபோகின்றன. சூரியன் கிழக்கில் இருப்பதால் நிழல் பொதுவாக மேற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். நிழல் விழுந்தால் அந்தப் பொருளுக்கு உயரம் உண்டு. நிழலின் விளிம்பு நேர்கோடாக இருந்தால் கட்டடம், பிசிறடித்துக் கலைந்திருந்தால் மரம். வட்டமாக இருந்து நிழலும் விழுந்தால், அளந்து பாருங்கள். குறுக்களவு இரண்டு மீட்டருக்குள் இருந்து, பெரிய வட்டத்தின் அருகில் ஒட்டி நின்றால் அது தானியக் குதிராக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கைந்து மீட்டர் இருந்தால் குடிசை. இதுகூட ஊருக்கு ஊர் மாறும். திட்டத்தின் குறிப்புப் பக்கத்தில் அந்தப் பகுதியின் மாதிரிப் படங்கள் கொடுத்திருந்தால் என் விதியை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

உங்களுக்கு வந்த நான்கு வரியில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் புதியவர்களின் கட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதை வைத்து ஊகிக்க முடியும். மூலைகள் செங்கோணமாக இல்லாமல் கோணல்மாணலாக இருப்பது முதலிடம். வரைந்த பிறகு அந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்துக் க்யூ விசையை ஒருமுறை தட்டினால் மூலைகள் நேராகிவிடும், வட்டக் குடிசைக்கு ஓ விசை. ஒரு நொடி வேலை. அடுத்தது, நெருங்கி நிற்கும் ஐந்தாறு வீடுகளைச் சேர்த்து ஒரே பெரிய உருவமாக வரைந்துவிடுவது. கூரைகளை எண்ணித்தான் ஆட்களைக் கணக்கிடுகிறார்கள் என்று மேலே சொன்னேன் இல்லையா, அங்கே ஆறு குடும்பங்கள் ஒரு குடும்பமாகிவிடும். இதைக் கண்டால் நான் கண்டிப்பாகத் திருப்பி அனுப்புவேன். நிழலையும் சேர்த்து வரைவது இன்னொன்று, வீடு இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். பிறகு, படம் சற்று நகர்ந்திருப்பதைக் கவனிக்காமல் வரைவது. ஒரே இடத்துக்கு இரண்டு நிறுவனங்களின் படத்தை மாற்றி மாற்றிப் பார்த்தால் வீடுகள் சில மீட்டர் தாவுவது தெரியும். பழைய மேப்பர்கள் வரைந்த சாலை ஏற்கெனவே இருந்தால், அது படத்தில் தெரிகிற சாலையின் மேல் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் சாலையை நகர்த்திவிடாதீர்கள். யாராவது ஜி.பி.எஸ். கொண்டு நடந்துபோய்ப் பதிவு செய்ததாக இருக்கலாம். நகர்த்த வேண்டியது பின்னால் இருக்கும் படத்தை.

சாலையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. திரையில் இரண்டு சாலைகள் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி இருக்கும், பொதுவான ஒரு புள்ளியில் இணைக்கப்பட்டிருக்காது. மனிதக் கண்ணுக்கு அது ஒரு சந்திப்பு. வழிகாட்டும் செயலிக்கு அது முட்டுச்சந்து. அந்த இரண்டு மீட்டருக்காக அது வண்டியை வேறு ஏதோ சுற்றுவழியில் அனுப்பும், அல்லது வழியே இல்லை என்று சொல்லும். கோணலாக வரைந்த நூறு வீட்டைவிட இணைக்காமல் விட்ட ஒரு சாலை அதிகக் கெடுதல் செய்யும். சாலை வகை குறிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘அன்கிளாசிஃபைட்’ என்று ஒரு வகை உண்டு. பெயரைப் பார்த்து, என்ன வகை என்று தெரியாத சாலை என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பிரிட்டனின் சாலைப் பிரிவுகளிலிருந்து வந்த சொல் அது. ஊர்களை இணைக்கும் சிறிய சாலை என்பதுதான் பொருள். மண் சாலையாக இருந்தாலும் இரண்டு ஊர்களை இணைத்தால் அது அன்கிளாசிஃபைட். வயலுக்குப் போய் அங்கேயே முடிந்தால் ‘டிராக்’. சாலை எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்துத்தான் வகை பிரிக்கிறோம், அதன் தரத்துக்குத் தனி டேக் (விவரக் குறிப்பு) இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டு மலைத்துவிடாதீர்கள். உங்கள் தவறுகளில் பெரும்பாலானவை வேகத்தால் வருபவை, அறியாமையால் வருபவை குறைவு. மேப்பத்தான்களில் யார் அதிகம் வரைந்தது என்று திரையில் எண்ணிக்கை ஓடவிடுகிறார்கள், பரிசும் கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, ஏற்பாட்டாளர்களிடம் நேராகவே சொல்லியும் இருக்கிறேன். 140 வீட்டை இரண்டு மணி நேரத்தில் வரைந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதில் நிழல் பார்க்க, அளக்க, சந்தேகப்பட நேரமே கிடையாது. 40 வீடு வரைந்து, சந்தேகமான மூன்றை விட்டுவிட்டு, அவற்றைக் குறிப்பில் எழுதிவைக்கிற ஆள்தான் எனக்கு வேண்டும். அந்தக் குறிப்பைப் படிக்கும்போதே இவர் நிலைப்பார் என்று தெரிந்துவிடும்.

கணினியே இப்போது வீடுகளைக் கண்டுபிடித்து வரைகிறதே, நாம் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்டும் கூகுளும் செயற்கை நுண்ணறிவு கொண்டு எடுத்த கோடிக்கணக்கான கட்டட உருவங்களை வெளியிட்டிருக்கின்றன. ரேபிட் என்ற எடிட்டரில் (மேப்பை வரையவும் திருத்தவும் உதவும் மென்பொருள்) அவை பரிந்துரைகளாக வரும், நாம் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்கலாம். தகரக் கூரையும் தனித்தனி வீடுகளும் உள்ள இடத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஓலைக் கூரை, மண்ணின் நிறத்திலேயே இருக்கும் மண் கூரை, நெருக்கமான குடிசைப் பகுதி என்று வந்தால் தடுமாறுகிறது, பாறையை வீடு என்கிறது, ஒட்டிய வீடுகளை ஒன்றாக்குகிறது. வரைகிற வேலை வருங்காலத்தில் குறையும் என்றுதான் நினைக்கிறேன். பார்த்துத் தீர்மானிக்கிற வேலை குறையும் என்று நினைக்கவில்லை.

ஆனால் கணினியாலும் முடியாது, தொலைவில் இருக்கிற நம்மாலும் முடியாது என்கிற வேலை ஒன்று இருக்கிறது. பெயர். நாம் வரைகிற எந்த ஊருக்கும் நம்மால் பெயர் வைக்க முடியாது. எந்தக் கட்டடம் பள்ளி, எது மருந்தகம், எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், மழைக்காலத்தில் எந்தப் பாலம் முழுகும் என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். 2009-ல் கென்யாவின் நைரோபியில் உள்ள கிபெரா குடிசைப் பகுதியில் இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து தங்கள் பகுதியைத் தாங்களே வரைந்தார்கள். அதுவரை மேப்புகளில் அத்தனை பெரிய குடியிருப்பு வெற்றிடமாகத்தான் இருந்தது. தான்சானியாவின் தார் எஸ் சலாமில் 2015-ல் தொடங்கிய ரமானி ஹுரியா திட்டத்தில் மாணவர்களும் பகுதிவாசிகளும் சேர்ந்து வடிகால்களையும் வெள்ளம் ஏறும் இடங்களையும் பதிந்தார்கள். சுவாஹிலியில் ரமானி ஹுரியா என்றால் திறந்த வரைபடம். நேபாளத்தில் நான் வரையத் தொடங்கியது நிலநடுக்கத்துக்குப் பிறகு. ஆனால் காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் மேப்பர் குழு அதற்கு முன்பே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பதிந்து வைத்திருந்தது. 7.8 அளவு நிலநடுக்கம் வந்த நாளில் உலகமே அந்த மேப்பின் மேல் வந்து குவிய முடிந்ததற்கு, அங்கே ஏற்கெனவே மேப்பும், அதை வழிநடத்தத் தெரிந்த உள்ளூர் ஆட்களும் இருந்தது முக்கியக் காரணம். நாம் வெளியூர்க்காரர்கள். நம் கோடுகளை அச்சடித்து எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் நடையைச் சுலபமாக்குவதுதான் நம் வேலை. உங்கள் 140 வீடும் அவருக்குப் பாதி முடிந்த தாள்.

இதனாலேயே, தெரியாத பெயரை வேறொரு மேப்பைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். கூகுள் மேப்பில் பெயர் இருக்கிறதே என்று புதியவர்கள் நல்லெண்ணத்தில் எடுத்துப் போடுவதைப் பார்க்கிறேன். உரிமம் அதற்கு இடம் தராது. கண்டுபிடித்தால் மொத்தமாக நீக்க வேண்டியிருக்கும், நல்ல வேலையும் சேர்ந்து போய்விடும். எடிட்டருக்குள் அனுமதியோடு கொடுக்கப்பட்டிருக்கும் படங்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

கெடுதல் செய்துவிட்டேனோ என்ற உறுத்தலுக்கு என் பதில்: சரிபார்ப்பு இருக்கும் திட்டத்தில், ஒரு கட்டத்துக்குள் புதியவர் செய்யும் தவறு திருத்தப்பட்டுவிடும். ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றில் பதிவாகி இருப்பதால் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும். நான் கவலைப்படுவது வேறு இரண்டு சூழ்நிலைகளில். ஒன்று, பேரிடர் நடந்த முதல் வாரம். செய்தியைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வருவார்கள். சரிபார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருப்போம். அப்போது சரிபார்க்கும் முன்பே தரவு களத்துக்குப் போய்விடும். அவசரம் என்று குறித்த திட்டங்களில் முதன்முதலாகப் பழகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உதவ வேண்டும் என்ற துடிப்பு அந்த வாரத்தில்தான் அதிகம் இருக்கும், தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த வாரத்தில் கைகொடுக்க, அதற்கு முந்தைய ஆண்டிலேயே கை பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்று போர், இனக்கலவரம் நடக்கும் பகுதிகள். இந்த மேப் எல்லோருக்கும் திறந்தது. எல்லோருக்கும் என்றால் துப்பாக்கி வைத்திருப்பவருக்கும்தான். இடம்பெயர்ந்தவர்கள் தற்காலிகமாக எங்கே கூடியிருக்கிறார்கள், எந்தக் கட்டடத்தில் மருத்துவர்கள் தங்கியிருக்கிறார்கள் என்பதை மேப்பில் போடுவது உதவியா ஆபத்தா என்று வெளியிலிருந்து தீர்மானிக்க எனக்குத் தகுதி இல்லை. அதனால் அப்படிப்பட்ட இடங்களில், அங்கே வேலை செய்யும் உள்ளூர் குழு கேட்காத எதையும் நான் வரைவதில்லை. இதில் அனுபவமுள்ளவர்களே வேறு வேறு விதமாக நினைக்கிறார்கள். நான் எச்சரிக்கையின் பக்கம்.

தொடரலாமா என்று கேட்டீர்கள். தொடருங்கள், ஆனால் அகலக்கால் வைக்காதீர்கள். ஒரே நாட்டில், ஒரே மாதிரி நிலப்பரப்பில், அவசரமில்லாத ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு கட்டம் என்று இரண்டு மூன்று மாதம் செய்யுங்கள். ஒரே வகைக் கூரைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது கண் தானாகப் பழகும். ஐந்தாறு நாட்டுத் திட்டங்களில் தாவித் தாவிப் போனால் அந்தப் பழக்கம் வராது. கணினி முன் உட்கார நேரமில்லாத நாட்களில் மேப்ஸ்வைப் என்ற செயலி போதும். படத்தில் வீடு இருக்கிறதா இல்லையா என்று தட்டிக் காட்டினால், காட்டையும் பாலைவனத்தையும் கழித்துவிட்டு ஆள் வாழும் இடத்தை மட்டும் மேப்பர்களுக்குக் கட்டங்களாகக் கொடுக்க அது உதவுகிறது. வரைவது கைக்கு வந்த பிறகு, கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் ஜோசம் என்ற எடிட்டருக்கு மாறுங்கள். முதல் வாரம் எரிச்சல் வரும், அதன் கட்டடக் கருவி பழகிவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். கூடவே நீங்கள் வசிக்கும் தெருவையும், மேப்பில் விட்டுப்போன விவரங்களைக் கேள்வியாகக் கேட்கும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியோடு ஒருமுறை நடந்து பாருங்கள். மேலிருந்து வரைந்ததும் கீழே இருப்பதும் எவ்வளவு வேறுபடுகிறது என்பது பத்து நிமிட நடையில் தெரிந்துவிடும். அப்படி நடந்து வந்தவர்கள் வரையும் கட்டங்களில் ஒரு நிதானம் தெரிகிறது.

முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்குங்கள். யாரும் எடுத்து முடிக்காமல் இருந்தால் அதே கட்டம் உங்களுக்கே திறக்கும். சரிபார்த்தவரின் குறிப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மேல் இடது மூலையிலிருந்து தொடங்கி வரிசையாக நகருங்கள், ஒவ்வொரு கட்டடத்துக்கும் க்யூ. சந்தேகமானதைத் தொடாமல் குறிப்பில் எழுதுங்கள். முடித்ததும் அந்த நபருக்கு, என்ன திருத்தினீர்கள், எது புரியவில்லை என்று இரண்டு வரி பதில் போடுங்கள். எனக்கு அப்படிப் பதில் வருவது அபூர்வம், வந்த நாளில் அந்தப் பெயரை நான் மறப்பதில்லை. அந்த நான்கு வரியில் ஏதாவது சொல் விளங்காவிட்டால் இங்கேயே எழுதுங்கள், எந்த மாதிரி கட்டடத்தைச் சொல்கிறார் என்று விளக்குகிறேன்.